இரண்டாம் தடவை கரைத்த கூவை மாவு

தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம் ஆகட்டும். எனக்கு நேரம் இல்லை, உனக்கு அதைவிட இல்லை. இன்று செவ்வாய்க்கிழமை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே குமுளிக்குப் போய் இதைப் பெட்டியில் போட்டால், வெள்ளிக்கிழமைக்குள் கஞ்சிக்கோட்டில் உன் கைக்கு வந்துவிட வேண்டும். உன் கெஸ்ட் ஹவுஸ் விருந்து சனிக்கிழமை மத்தியானம் என்று எழுதியிருக்கிறாய். தந்தி அடிக்கலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். தந்தியில் போ என்று சொல்லலாம், ஏன் போக வேண்டும் என்று சொல்ல இடம் இருக்காது. ஏன் என்று தெரியாமல் நீ ஒரு அடி நகரமாட்டாய். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டால் என் பக்கம் கையைக் காட்டுவாள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். சூப்புக்குக் கூவைக்கிழங்கு மாவு போட்டேன், போட்டவுடன் கண்ணாடி மாதிரி கெட்டியாக நின்றது, பரிமாறப் போகும்போது தண்ணீராகிவிட்டது, என்ன தப்பு செய்தேன் அப்பா என்று கேட்டிருக்கிறாய். தப்பு ஒன்றும் இல்லை, நீ காத்திருந்தாய், அவ்வளவுதான். கூவை மாவு காத்திருக்காது. பச்சைத் தண்ணீரில் கரைத்து வை, வெந்நீரில் கரைத்தால் கட்டி தட்டும். ஊற்றும் முன் மறுபடி அடிவரை கலக்கிக்கொள், இல்லாவிட்டால் மாவெல்லாம் கிண்ணத்தின் அடியில் கல்லாக உட்கார்ந்திருக்கும், மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் சூப்பில் விழும். தீயைக் குறைத்துவிட்டு நூலாக ஊற்றிக் கிண்டு. வெள்ளை மறைந்து தெளிந்ததும் இறக்கிவிடு. அதற்குப் பிறகு கொதிக்கவிட்டாலும் நீர்த்துவிடும், போட்டு அடித்தாலும் நீர்த்துவிடும், தக்காளியோ எலுமிச்சையோ அதிகம் விழுந்தாலும் போச்சு. பால் சேர்த்த சூப்பில் போடவே போடாதே, சளி மாதிரி இழுக்கும், நீயே சாப்பிடமாட்டாய். கடையில் டப்பாவில் வரும் கார்ன்பிளவர் நல்ல பிள்ளை. கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டாலும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் சூப்பைக் கலங்கலாக்கிவிடும். தெளிவாகவும் வேண்டும், கெட்டியாகவும் வேண்டும் என்றால் கூவைதான். கூவை போடுகிறவன் பரிமாறும் நிமிஷம்வரை அடுப்படியைவிட்டு நகர முடியாது. நான் நகரவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதங்களை நான் வாசிக்க உன் அம்மா கேட்பது வழக்கம். நேற்றும் அப்படித்தான், அவள் முறத்தில் ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்தாள், நான் வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: "சரோஜாவுக்கு இந்த வாரமே ஆகிவிடும் என்று நர்ஸம்மா சொல்கிறார். அவள் எலப்புள்ளியில் அவள் அம்மா வீட்டில் நன்றாக இருக்கிறாள். நான் போய் என்ன செய்யப் போகிறேன். சனிக்கிழமை பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், அது முடிந்தால் என்னை ஹெட் குக் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். லீவு கேட்கவில்லை." இந்த வரிகளை நான் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். உன் அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "லீவு போட்டுட்டானாமா?" என்றாள். "அதப்பத்தி ஒண்ணும் எழுதல" என்றேன். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

போன மாதம் வளைகாப்புக்கு எலப்புள்ளி வந்திருந்தபோது உன் மாமியார் என்னிடம் பேசிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது, நீ இலை போடுகிற மும்முரத்தில் இருந்தாய். "ஏனுங்க சம்பந்தி, எங்கூட்டு ஆம்பளைங்க பிரசவ அறைக்குள்ள வரமாட்டாங்க. ஆனா வாசல்ல ஆள் நிக்கோணுங்க. உள்ள இருக்கறவளுக்கு அது தெரியோணுங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்கு என்னைப் பார்த்துச் சொன்னது மாதிரி சுருக்கென்றது. பாயசம் வந்தது, நான் தொடவில்லை, இனிப்பு ஆகாது என்று பொய் சொன்னேன்.

உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது நடந்தது இது. நீ கீழே கம்பத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். நாங்கள் இதே ஆனைக்கரை எஸ்டேட்டில், இதே லயத்து வரிசை வீட்டில். நான் பங்களாவில் சமையல், ஆனால் ஆறு வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் துரைக்கு எந்த நாள் என் குழம்பு பிடிக்காமல் போகிறதோ, அன்றைக்கு மூன்று பேரும் சாமான் சட்டியோடு வெளியே. வெள்ளைக்காரத் துரைமார் போய் நம்மூர்த் துரைமார் வந்த பிறகும் சாப்பாட்டுக்கு முன்னால் சூப் வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. மதராசிலிருந்து கம்பெனிப் பெரியவர் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். முந்தின வருஷம் வந்தபோது என் கோழி சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, இவ்வளவு தெளிவான சூப் தான் எங்கும் குடித்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷமும் அதே சூப் வை, அவர் வாயாலயே உன்னை நிரந்தரமாக்குற விஷயத்தைச் சொல்ல வச்சிடலாம்" என்றார். அதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தத் தெளிவு என் கைவேலை என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அது உன் அம்மாவின் வேலை. தை மாதம் லயத்துக்குப் பின்னால் கூவைக்கிழங்கு தோண்டி, ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் ஒவ்வொன்றாகத் துருவி, என் பழைய வேட்டியில் வடிகட்டி, அடியில் மாவு உட்கார உட்கார மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவாள். ஆறு தடவை, ஏழு தடவை. குளிரில் அவள் விரலெல்லாம் வெளிறிச் சுருங்கிப் போயிருக்கும். கடைசியில் ஒரு கூடை கிழங்குக்கு இரண்டு கை மாவு தேறும். அந்த வருஷம் அவள் வயிற்றில் பிள்ளையோடு அதைச் செய்தாள். உனக்குப் பிறகு பதின்மூன்று வருஷம் கழித்து உண்டான பிள்ளை. லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள், அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து ஒரு தினுசாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்ததில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

பெரியவர் வருகிற அன்று ஆடி மாத மழை. காலையில் நான் கிளம்பும்போது இடுப்பு வலிக்கிறது என்றாள். எட்டாம் மாதம்தான் நடக்கிறது, சூட்டு வலியாக இருக்கும், சீரகம் கொதிக்க வைத்துக் குடி என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் பார். "போயிட்டு வெரசா வந்துருங்க" என்றாள். பதினோரு மணிக்கு அடுத்த வீட்டுப் பேச்சியம்மா, உன் பேச்சி அத்தை, முழுக்க நனைந்து பங்களா சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, மதினிக்கு ரத்தமாப் போகுது. நிக்க மாட்டேங்குது. டிஸ்பென்சரி நர்ஸு பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்னு சொல்லிருச்சு. வண்டிக்குச் சொல்லுங்கண்ணே" என்றாள். எஸ்டேட்டில் இருந்தது ஒரே ஜீப். அது விருந்தாளிகளைக் கூட்டிவரக் குமுளிக்குப் போயிருந்தது. "ஜீப்பு வந்த உடனே கூட்டிக்கிட்டு வாரேன், நீ போய் பக்கத்துல இரு" என்றேன். அதுவரைக்கும் நான் சொன்னதில் பொய் இல்லை தம்பி. அதுவரைக்கும் நான் மனுஷன்தான்.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. வளைவில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதாம். சூப் அடுப்போரத்தில் கொதி அடங்கி நின்றது. மாவைக் கரைத்துக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தேன். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். மேஜையில் பரிமாறுகிற மாணிக்கம் ஐயா, நீ அவரைப் பார்த்திருக்கிறாய், "நீ வீட்டுக்குப் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வா, அவங்க வந்தா நான் மாவை ஊத்திக் கிண்டிக்கிறேன்" என்றார். அந்த மனுஷன் பத்து வருஷம் சமையல் பார்த்தவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்க கையி அதுக்கு வராது" என்றேன். என் கை பட்டால்தான் சூப் என்கிற கொழுப்பு. அவர் முகம் சின்னதாகிப் போயிற்று, துணியை எடுத்துக்கொண்டு தட்டு துடைக்கப் போய்விட்டார்.

ஒன்றரை மணிக்கு ஜீப் வந்தது. இங்கேதான் நான் உனக்கு இத்தனை வருஷம் சொன்ன கதை மாறுகிறது. நிதானமாக வாசி. ஜீப் வந்து போர்டிகோவில் நின்றது. பெரியவர் இறங்கினார், துரை குடை பிடித்தார். டிரைவர் வர்கீஸ் சேட்டன் வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சமையலறை வாசலில் நின்று ஒரு சாயா கேட்டார். என்னிலிருந்து நாலடி தூரம். வண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் மாணிக்கம் ஐயா உள்ளே வந்து, "சூப்பு கேக்குறாங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். இதைக் கொடுத்துவிட்டுச் சொல்வோம், ஐந்து நிமிஷம்தானே, இப்போது போய்த் துரையிடம் வண்டி கேட்டால் சாப்பாட்டு மேஜையே கலைந்துவிடும், வந்தவர் முகம் சுளிப்பார், ஆறு வருஷம் வீணாகிவிடும் என்று ஒரு கணக்கு. சேட்டனுக்குச் சாயாவைக் கொடுத்தேன். மாவைக் கலக்கி ஊற்றினேன். அருமையாக வந்தது.

கோப்பையில் ஊற்றி அனுப்பப் போகிறேன், பெரியவர் மழையில் நனைந்ததால் வெந்நீரில் குளித்துவிட்டு வருகிறாராம், சூப்பைச் சூடாக வைத்திரு என்று துரை சொல்லி அனுப்பினார். சூடாக வைத்தேன். வைத்தால் என்ன ஆகும் என்பது உனக்கு இப்போது தெரியும். இருபது நிமிஷம் கழித்துக் கரண்டியைத் தூக்கினேன், தண்ணீராக வழிந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஜீப் பின்னால் நிற்கிறது, சேட்டன் படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார், நானூறு அடி கீழே என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கூவை மாவு டப்பாவை எடுத்தேன். அவள் ஏழு தடவை அலசிய மாவை இன்னும் இரண்டு கரண்டி அள்ளி இரண்டாம் தடவை கரைத்தேன். முதல் தடவை ஊற்றியதைப் பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவைக்கு நான் எந்தப் பெயரும் வைக்க முடியவில்லை. கை நடுங்காமல் நூலாக ஊற்றினேன், தம்பி. கை நடுங்கவே இல்லை.

சூப் உள்ளே போனது, கோப்பை காலியாகத் திரும்பி வந்தது, அதற்குப் பிறகுதான் படிக்குப் போய் சேட்டனிடம் சொன்னேன். அவர் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார். "எடோ, இது முன்னமே பறஞ்சா என்னா? நான் யார்கிட்டயும் கேக்காம வண்டி எடுத்திருப்பேனே" என்றார். சொன்னபடியே யாரிடமும் கேட்காமல் எடுத்தார். அவருக்கு வேலை போயிருக்கலாம், அதை அவர் யோசிக்கக்கூட இல்லை. உன் அம்மாவைக் கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம், பேச்சி மடியில் தலை. கம்பம்மெட்டு வழியாக மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் என் கையைப் பிடித்தாள், முனகினாள். கம்பத்தில் டாக்டரம்மா உன் அம்மாவைக் காப்பாற்றிவிட்டார். பெண் குழந்தை. வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று அவர் கோபம்கூட இல்லாமல் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று எனக்கு மட்டும் தெரியும். நிறைய முடி இருந்தது உன் தங்கச்சிக்கு.

ஹாஸ்டலிலிருந்து உன்னைக் கூட்டிவந்தபோது நீ கேட்டாய், ஏன்ப்பா சீக்கிரம் கொண்டு போகவில்லை என்று. வண்டி வரவில்லை, மண் சரிவு, டிரைவர் தாமதமாகத்தான் வந்தார் என்றேன். அடுத்த லீவில் நீ வர்கீஸ் சேட்டன் ஜீப் கண்ணாடியில் கல்லை எறிந்தாய். நான் உன்னை ஏலக்காய்ச் செடித் தட்டையால் முதுகு தடிக்க அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷன் ஓடிவந்து குறுக்கே விழுந்து, "அவனை விடு, சங்கடத்துல செஞ்சுட்டான்" என்று உன்னை மறைத்துக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். சொல்லவில்லை, இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அடி நான் வாங்க வேண்டியது. இப்போதும் நீ ஊருக்கு வந்தால் அவர் எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாய், அதை அவர் தாங்கிக்கொள்கிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அடுத்த தடவை வரும்போது நேராக அவர் வீட்டுக்குப் போ. நான் என்ன ஆனேன் என்று கேட்கிறாயா? அந்த மாதமே நிரந்தரம் ஆக்கினார்கள். பெரியவருக்கு சூப் அவ்வளவு பிடித்திருந்ததாம்.

உன் அம்மாவிடமும் நான் வண்டி தாமதம் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "சூப்பு நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். பாவம், அந்த நிலையிலும் என் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று நினைத்து நான் அழுதேன். ஆம் என்று தலையை ஆட்டினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு தை மாதமும் அவள் கூவைக்கிழங்கு தோண்டவில்லை. உடம்பு முடியவில்லை என்றாள், நானும் டப்பா மாவு வாங்கிக்கொண்டேன்.

இன்று காலையில் இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். உனக்கு எழுதிவிட்டு அவளுக்குத் தெரியாமல் இருப்பது இன்னொரு திருட்டு என்று பட்டது. பாதியில் எழுந்து போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதினவரைக்கும் வாசித்தேன். நீ லீவு கேட்கவில்லை என்று எழுதியதையும் வாசித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "ஜீப்பு மேட்டுல ஏறுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பங்களாவுல போயி நின்னதும் கேட்டுச்சு. பேச்சி, வண்டி வந்துருச்சு, என் சேலையக் கொஞ்சம் சரி பண்ணி விடுன்னு சொன்னேன். இந்தா கெளம்பும், இந்தா கெளம்பும்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன். உள்ள புள்ள அப்ப அசஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன், அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தூக்கிவிடவும் இல்லை. கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "கிழிச்சிராதீக" என்றாள்.

தம்பி, உன் பக்கத்தில் கெட்டிக்காரன் ஒருவன் வேலை செய்வான், எல்லா அடுப்படியிலும் ஒரு மாணிக்கம் ஐயா இருப்பார். மாவைக் கரைத்துக் கிண்ணத்தில் அவர் கையில் கொடு, எப்படி ஊற்றுவது என்று சொல், கும்பிட்டுவிட்டுக் கிளம்பு. உன் மேனேஜர் கத்துவார், கத்தட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே எலப்புள்ளி பஸ்ஸில் ஏறு. உள்ளே போக வேண்டாம், உன் மாமியார் விடமாட்டார். வாசலில் நில். சரோஜா காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை சத்தமாகப் பேசு.

கடைசி வரியை உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், என் சொல் ஒன்றும் இதில் இல்லை. "சூப்பு தண்ணியாப் போனா ஒருத்தரும் செத்துப்போக மாட்டாக, ராசா. நீ போ."